கால் பார்க்கிற மெக்கானிக்

முதல் நாளே எனக்கு அந்த மனுஷரைப் பிடிக்கவில்லை. காரில் கிளட்ச் கம்பி அறுந்துவிட்டது என்று சொல்லவந்த பொம்பளையின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? நான் இருபத்தைந்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டிப் பழகியவள். "மூஞ்சியப் பாத்துப் பேசுங்க" என்றேன். அவர் ஒரு விநாடி நிமிர்ந்தார், மறுபடி குனிந்துகொண்டார். "செருப்ப வெளியில விட்டுட்டு வாங்க டீச்சர்" என்றார்.

நான் டீச்சர் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகொரு நாள் கேட்டதற்கு, "நின்னே வேலை பாக்குற காலுங்க அது. நரம்பு சுருட்டிக்கிட்டிருக்கு. அதோட விரலுக்கு மேல சாக்பீஸ் தூளு" என்றார். சாக்பீஸ் தூள் சரி. நரம்பு சுருட்டியிருந்ததை நானே அதுவரை கவனித்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புடவையைத் தூக்கிப் பார்த்தேன். ஆமாம், பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. காரைக்காலில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது. கருநாக்கு மெக்கானிக் என்றால்தான் தெரியும். அந்தப் பெயரை ஊர் வைத்தது. அது அவர் தலையில் ஒட்டிக்கொண்டதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒல்லியான ஆள். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். கையில் ஆயில் என்பதால் டீ டம்ளரைப் பழைய தாளில் சுற்றித்தான் பிடிப்பார். கல்யாணம் ஆனவரா, பிள்ளைகள் உண்டா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் பழகியும் கேட்கவில்லை. திருநள்ளாறு போகிற சாலையில் வாதாங்கொட்டை மரத்தடியில் தகரக் கொட்டகை. முன்பாதி எல்லா ஒர்க்‌ஷாப்பையும் போல எண்ணெய்யும் மண்ணுமாக இருக்கும். பின்பாதியைப் பார்த்தால் பூஜை அறை தோற்றுவிடும். சிமெண்டுத் தரையைத் தினம் கழுவி, மேலே தார்ப்பாய் விரித்திருப்பார். கியர் பாக்ஸை அங்கேதான் திறப்பார். கலெக்டரே வந்தாலும் செருப்பு, ஷூ எல்லாம் வெளியில்தான். "தொறந்து போட்ட வயிறு மாதிரிங்க இது. ஒரு பொட்டு மண்ணு போனா உள்ளுக்குள்ளயே தின்னுடும்" என்பார்.

சுவர் முழுக்க ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் தேய்ந்துபோன கிளட்ச் பிளேட் ஒன்று, டிபன் தட்டு அளவில், வட்டமாகத் தொங்கும். எந்தப் பிளேட்டிலும் யார் வண்டி என்று எழுதியிருக்காது. அவருக்கு எழுத வேண்டிய அவசியமும் இல்லை. "இது வெடுக்குனு காலை எடுக்கிற ஆளு. இது பயந்த ஆளு, பாதி மிதியிலயே நிப்பாரு. இந்த ஆளுக்கு வலது பக்கம் இடுப்பு வலி" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். எனக்கு அந்தச் சுவரைப் பார்த்தால், ஊரில் உள்ளவர்களின் ஜாதகத்தையெல்லாம் தேய்த்து மாட்டிவைத்ததுபோல இருக்கும்.

"எல்லாரும் கையாலதான் வண்டி ஓட்டுறதா நெனச்சிக்கிறாங்க டீச்சர். இஞ்சினும் சக்கரமும் ஒண்ணையொண்ணு புடிச்சிக்கிட்டிருக்கும். அந்தப் புடிய விடச் சொல்றதும், திரும்பப் புடிக்கச் சொல்றதும் எடது காலு. அது என்னா பண்ணுதுன்னு ஓட்டுறவருக்கே தெரியாது. மிதிக்கிறவனுக்குத் தெரியாதுங்க, மிதிபடுறதுக்குத்தான் தெரியும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்வார்.

கருநாக்கு என்று பெயர் வந்த கதையை ஊரில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது இதுதான். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர், பிரெஞ்சுக்காரர்கள் ஐயாவைச் சொல்கிறபடி ஊருக்கு அவர் 'முசே'. மார்கழியில் பாரீசிலிருந்து வந்து மாசி வரைக்கும் இருப்பார். மற்ற மாதமெல்லாம் அவர் கார் வீட்டுக் கொட்டகையில் கிடக்கும். அவருடைய தங்கை வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சாம்பிராணி போட்டு, ஸ்டியரிங்குக்குக் குங்குமம் வைத்து, பத்து நிமிஷம் இஞ்சினை ஓடவிட்டு அணைப்பார். ஒரு வருஷம் பெரியவர் வந்து உட்கார்ந்தால் கியரே விழவில்லை. கடல் காற்று. பிளேட் துருவேறி உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டது. மெக்கானிக் பிரித்து எடுத்து, "வாராவாரம் பூசை போட்டீங்க, ஒரு தடவ கிளட்ச மிதிச்சி விடலியேம்மா" என்று அந்தத் தங்கையிடம் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். பெரியவரின் காலைப் பார்த்து, "முசே, இந்த எடது கெண்டைக்கால் வீங்கியிருக்கு, செவந்திருக்கு. இதோட பிளேன் ஏறாதீங்க. ஏறுனா எறங்க மாட்டீங்க" என்றாராம். முசே சிரித்துவிட்டுப் போனார். மாசியில் விமானம் ஏறினார். பாரீசில் அவரைத் தூக்கித்தான் இறக்கினார்கள்.

காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்கு ஏறியது என்று டாக்டர்கள் சொன்னதை ஊர் காதில் வாங்கவில்லை. அவன் சொன்னான், இவர் செத்தார். அவ்வளவுதான் கணக்கு.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பு வரும். அவர் மாதிரி கிளட்ச் மாற்ற இந்தப் பக்கத்தில் வேறு ஆளே கிடையாது, வராமலும் இருக்க முடியாது. அதனால் ஜனங்கள் காலை மறைத்துக்கொண்டு வந்தார்கள். கிளிஞ்சல்மேட்டில் மீன் வண்டி வைத்திருந்த ஒருவர் கைலியைத் தரையில் இழுபட விட்டுக்கொண்டு, புதுப்பெண் மாதிரி அடிமேல் அடிவைத்து நடந்து வருவார். சிலர் சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு ஓட்டமெடுப்பார்கள். "என்னாண்ணே, நடக்கத் தெரியாம ஓடுறீங்க?" என்று டீக்கடைக்காரர் கேலி செய்வார். மெக்கானிக் தாள் சுற்றிய டம்ளரைப் பிடித்துக்கொண்டு மரத்தடியைப் பார்த்தபடி நிற்பார்.

மெல்ல மெல்ல வாயால் சொல்வதை நிறுத்தினார். பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. அதனால் சொல்லாமல் செய்ய ஆரம்பித்தார். குரும்பகரத்து நெல் வியாபாரி ஒருவர் வண்டியை எடுத்துப்போய், காலடியில் மெக்கானிக் ஒரு மரக்கட்டையை அறைந்து வைத்திருப்பதைக் கண்டு மூன்று நாள் திட்டித் தீர்த்தார். நாலாம் நாள்தான் குதிகால் வலி போயிருப்பது தெரிந்தது. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார். அன்றைக்கு மட்டும் மெக்கானிக் சிரித்ததை நான் பார்த்தேன். சொல்லாமல் செய்தால் மனுஷர்கள் புரிந்துகொள்வார்கள் என்று அன்றுதான் அவர் நம்பியிருக்க வேண்டும். அந்த வாழைப்பழம்தான் எங்கள் வீட்டுக்கு வினையாக வந்தது.

எங்கள் கார் என் மாமனார் வாங்கியது. பழைய வெள்ளைக் கார். எனக்கு ஓட்டத் தெரியும் என்றாலும் என் வீட்டுக்காரருக்கு அதை வேறு யாரும் தொடக்கூடாது. நாகப்பட்டினத்தில் ஆபீஸ். தினமும் கருப்பு ஷூவைப் பளபளவென்று துடைத்துப் போட்டுக்கொண்டு அதில்தான் போவார். ஒரு நாள் அரசலாற்றுப் பாலம் ஏறும்போது இஞ்சின் கூச்சல் போட்டது, வண்டி ஏறவில்லை. முடி பொசுங்கின மாதிரி ஒரு நாற்றம். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலேயே கை வைத்திருந்தான்.

மெக்கானிக் வண்டியைத் தட்டிப் பார்க்கவில்லை, குனிந்து பார்க்கவில்லை. உள்ளே உட்கார்ந்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டார். அப்படி விட்டால் இஞ்சின் திணறி நின்றுபோக வேண்டுமாம். நிற்கவில்லை, சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

"செத்திருக்கணும் டீச்சர். சாகாம ஓடுதுன்னா, அதான் வியாதி" என்றார்.

 கிளட்சைத்தான் சொன்னார். இருந்தாலும் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. கியர் பாக்ஸை இறக்கிப் பழைய பிளேட்டை எடுத்துக் காட்டினார். சிலேட்டுப் பலகை போல வழுவழுவென்று, ஓரமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. மோந்து பார்த்தார். "வேற யாராச்சும் ஓட்டுவாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஆணியில் மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். புது கிளட்ச் அஞ்சாறு வருஷம் வரும் என்றார்.

நாலே மாதத்தில் மறுபடி போனது.

"மட்டமான சாமானப் போட்டு ஏமாத்திட்டான்" என்று என் வீட்டுக்காரர் குதித்தார். நான்தான் சமாதானம் செய்து அங்கேயே கூட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக் அவரை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால். கோட்டுச்சேரி வரை போய்த் திரும்பினோம். அவ்வளவு தூரமும் அவர் சாலையைப் பார்க்கவே இல்லை. என் வீட்டுக்காரரின் இடது காலைப் பார்த்துக்கொண்டு வந்தார். கியர் மாற்றியபிறகும் அந்தக் கால் கிளட்ச் மேலேயே கிடந்தது. எடுத்துவிட்டதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

கொட்டகைக்கு வந்து இறங்கியதும் மெக்கானிக் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், சாருக்கு வந்து..." என்று ஆரம்பித்தார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். "அண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். எதுவும் சொல்லாதீங்க. கிளட்ச மட்டும் மாத்திக் குடுங்க, போதும்."

படித்தவள்தான். அறிவியல் பாடம் எடுக்கிறவள்தான். நரம்பு எப்படி வலியை மூளைக்குக் கொண்டுபோகிறது என்று கரும்பலகையில் மனிதன் படம் போட்டு வருஷா வருஷம் நடத்துகிறவள். அந்த நேரத்தில் எனக்குப் பாரீசில் தூக்கி இறக்கின முசேதான் கண்ணுக்குள் நின்றார்.

"சரிங்க டீச்சர்" என்றார் மெக்கானிக். 

மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டி தயார். என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து நேரே அங்கே வந்தார். வழக்கம்போல ஷூவை வெளியில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போய்ப் புதுப் பிளேட்டின் அட்டைப் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, சந்தேகமெல்லாம் கேட்டுவிட்டு வந்து, ஷூவை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். நான் ஏறப்போகும்போது மெக்கானிக் கதவருகில் வந்தார். "வீட்டுக்குப் போயி சாரு ஷூவ நீங்க கழட்டிவிடுங்க டீச்சர்" என்றார், மெதுவாக.

என் புருஷன் ஷூவை நான் கழற்ற வேண்டும் என்று சொல்ல இந்த ஆள் யார் என்று எனக்குச் சுருக்கென்றது. கதவை அடித்துச் சாத்தினேன்.

வழியில் சந்தையில் இறங்கிக் காய் வாங்கினோம். மாமியாருக்கு மாத்திரை வாங்க மருந்துக் கடைக்கு நடந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். வீட்டுக்கு வந்து அவரேதான் ஷூவைக் கழற்றினார். இடது ஷூவின் குதிகால் பக்கத்திலிருந்து என்னவோ டங்கென்று தரையில் விழுந்து, உருண்டு கட்டிலுக்கடியில் போனது. எடுத்துப் பார்த்தால் ஒரு நட்டு. சுண்டுவிரல் நுனி அளவு, ஆறு பட்டை உள்ள இரும்பு நட்டு.

சாக்ஸ் ஈரமாக இருந்தது. கழற்றினேன். கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பள்ளம். சுற்றிலும் தோல் வெள்ளையாகத் தடித்திருந்தது.

"வலிக்கலியே" என்றார் என் வீட்டுக்காரர். விரலை விட்டு அமுக்கிப் பார்த்தார். "சத்தியமா வலிக்கல."

இந்த இடத்தில் எந்தத் தாயாரும், எந்தப் பெண்டாட்டியும் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் செய்தது இது. என் மாமியார் அந்த நட்டைக் கையால் தொடாமல் முறத்தில் எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தார். "இரும்பு" என்றார். "சனிக்கு உள்ளது இரும்பு. கால்ல கொண்டாந்து வச்சிருக்கான் பாரு, பாவி. வலிக்காத புண்ணு சாதாரணப் புண்ணு இல்லடி. இது வச்ச புண்ணு."

வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் திருநள்ளாறு. கால் கழுவும்போது குதிகாலில் ஒரு பொட்டு இடம் நனையாமல் விட்ட ராஜாவை, அந்தப் பொட்டு இடத்தின் வழியாகத்தான் சனி பிடித்தான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ராஜாவுக்கு விமோசனம் கிடைத்ததும் இதே ஊரில்தான். சனி காலில்தான் பிடிப்பான் என்பது எங்கள் வீட்டில் இரண்டும் இரண்டும் நாலு மாதிரி. இரண்டு வருஷத்துக்கு முன்பு என் வீட்டுக்காரருக்கு ரத்தத்தில் சர்க்கரை இருந்தது, "லேசாத்தான் இருக்கு" என்று மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்தியது, இதெல்லாம் அன்றைக்கு ஒருத்தர் வாயிலும் வரவில்லை. என் வாயிலும்தான்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கொட்டகையில் இறங்கினேன். நாலைந்து பேர் இருந்தார்கள். டீக்கடையிலும் கூட்டம். செருப்போடு தார்ப்பாய் மேல் ஏறினேன்.

"ஏன்யா, எம் புருஷன் ஷூவுல எதுக்குய்யா நட்டப் போட்ட? ஒனக்கு நாங்க என்னா கெடுதல் பண்ணுனோம்? கால்ல ஓட்டை விழுந்திருக்கு. நல்லா இருப்பியா நீ?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் செருப்பைப் பார்த்தார். "டீச்சர், சார ஒடனே டாக்டர்ட்ட..." என்றார்.

"வாயத் தொறக்காத! தொறந்துதான் ஊரையே அழிச்சே!"

மூடிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் யாரும் அவருக்காகப் பேசவில்லை. ஒருவர், "விடுங்கம்மா, அவன் தொழிலே அதுதான்" என்றார். அவ்வளவு கோபத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. வெட்கக்கேடு, ஆனாலும் சொல்கிறேன். யாரைத் திட்டுவது என்று தெரிந்துவிட்ட நிம்மதி அது.

நாலு சனிக்கிழமை என் வீட்டுக்காரரைத் திருநள்ளாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நல்லெண்ணெய் தேய்த்து, குளத்தில் முங்கி, எள் விளக்குப் போட்டு, கட்டியிருந்த வேட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். புண்ணில் நானே மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினேன். குளத்தின் மேலும் பழி இல்லை, சாமியின் மேலும் பழி இல்லை. நொண்டாமல் நடக்கிறாரே, வலியே இல்லையே, குணமாகிறது என்று நினைத்தோம். மூன்றாம் வாரம் விரல் கருத்தது. "சனி எறங்குறான்" என்றார் மாமியார். ஐந்தாவது சனிக்கிழமை விடிகாலையில் அவருக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கட்டைப் பிரித்தபோது வந்த நாற்றத்தில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

பெரிய டாக்டர் ஒரு பெண். என் வயசுதான் இருக்கும். நான் நட்டுக் கதையைச் சொல்லி அழுதேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"எந்த எடத்துல இருந்துச்சு நட்டு?"

"குதிகால் பக்கம் இருந்து விழுந்துச்சுங்க."

"புண்ணு முன்னாடி இருக்கும்மா. அதுவும் மாசக்கணக்கா உள்ளது. ஒரு நாள்ல ஒரு நட்டு இப்படிப் பண்ணாது. இவருக்குக் காலே மரத்துப்போச்சு. ஷூவுக்குள்ள நட்டக் கெடக்கவிட்டு ஒரு மணி நேரம் நடந்திருக்காரு, தெரியல. அதக் காட்டத்தான் அவரு போட்டிருக்காரு." மறுபடி பேனாவை எடுத்தார். "அன்னைக்குச் சாயங்காலமே வந்திருந்தீங்கன்னா விரலோட போயிருக்கும்."

அந்த அறையில் மின்விசிறி ஓடுகிற சத்தம்கூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இதை நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மாமியாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். கேட்டுக்கு வெளியே மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. "வண்டிய எடுத்துட்டுப் போவட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார். எதற்கு என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. சாவியைக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். கியர் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பிடி. அதைக் கையால் இழுத்தால் கிளட்ச் வேலை செய்தது. இடது காலே வேண்டாம். பிடியில் பழைய சைக்கிள் ரப்பரைச் சுற்றி, கை வழுக்காமல் செய்திருந்தார். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

போகிறபோது மெக்கானிக் கேட் வரை போய்த் திரும்பினார். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேட்டுக்கட்டுங்களா? எம் மனசு ஆறல. அந்த நட்டாலதாங்களா?"

என் மாமியார் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். இல்லை என்று நான் சொன்னால், பின்னே எதனால் என்ற கேள்வி வரும். நாலு சனிக்கிழமை வரும். மஞ்சள் அரைத்த என் கை வரும்.

"தெரியலங்க" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். போய்விட்டார்.

அதன்பிறகு அவர் யார் காலையும் பார்க்கவில்லை. பின்பாதித் தார்ப்பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டார். செருப்போடு போனாலும் ஒன்றும் சொல்வதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். "அடங்கிட்டான்" என்றார்கள், திருப்தியாக. ஒரு சனிக்கிழமை, அந்தக் கைப்பிடிக் கம்பி தளர்ந்திருந்ததால் நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அன்று கோயிலுக்கு வந்த வெளியூர் வேன் ஒன்று கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் கருகி அங்கே நின்றிருந்தது. டிரைவருக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். இடது காலில் ஈரத்துணி சுற்றி, அதற்கு மேல் செருப்பு மாட்டியிருந்தார். துணி ஓரத்தில் மஞ்சளாகக் கசிந்திருந்தது. நொண்டவில்லை. நன்றாக ஊன்றி நடந்தார்.

நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளட்சை மாற்றினார், கையைத் துடைத்தார், சாவியைக் கொடுத்தார்.

"தம்பி, டாக்டர்ட்ட அந்தக் காலக் காட்டுங்க, இப்பவே" என்று நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சாமியக் கும்புட்டாச்சுங்கம்மா. வலியும் இல்ல. சரியாயிடும்" என்று சிரித்துக்கொண்டே வேனை எடுத்தார்.

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். அண்ணே, உங்க நட்டு இல்ல, நாங்கதான் என்று. கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அவர் என் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். வெளியே நீட்டியிருந்த அவர் காலை அன்றுதான் பார்த்தேன். வெடித்த குதிகால், விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். அவர் வெளியே வரட்டும், சொல்லிவிடலாம் என்று நின்றேன். வந்தார். "இழுத்துப் பாருங்க டீச்சர்" என்றார். இழுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. கிளம்பிவிட்டேன்.

ஒரு வாரம் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை போனேன். கொட்டகைத் தகரக் கதவு பூட்டியிருந்தது. எங்கே போனார் என்று டீக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. சுவரில் இருந்த பிளேட்டையெல்லாம் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனாராம். எதையும் தன்னோடு எடுத்துக்கொள்ளவில்லையாம்.

அந்த நட்டு என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. குளத்தில் போட்டுவிட்டதாக மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் இப்போதும் அந்தக் காரில்தான் போகிறார், வருகிறார். கையால் பிடியை இழுக்கிறபோதெல்லாம், "பாவி, கெடுத்தவனே செஞ்சி குடுத்தான்" என்று ஒரு பெருமூச்சு விடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருவேன்.

மிதிக்கிறவனுக்குத் தெரியாது என்பார் மெக்கானிக். கேட்டருகில் நின்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாரே, அப்போது எனக்குத் தெரியும்.